சாம்பலில் விளையும் கல்

விறகிட்டுச் சுட்ட செங்கற்சூளையைப் பிரிக்கும் சமயத்தில், தீவாய்க்கு நேரே அடுக்கப்பட்டிருந்த கற்களை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தால், அவற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் பச்சையும் கறுப்புமாக ஒரு பளபளப்பு உருகிப் படிந்திருப்பது தெரியும். சூளைக்காரருக்கு அது பிரியமான காட்சியன்று. வழவழத்த முகத்தில் சாந்து பிடிக்காது என்று கொத்தனார் அந்தக் கல்லை ஒதுக்கிவிடுவார் என்பதும், கடைசியில் அது அஸ்திவாரக் குழியிலோ வண்டிப்பாதைப் பள்ளத்திலோ போய் விழும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும், மணலைத் தனியே உருக்க 1,700 டிகிரிக்கு மேல் உஷ்ணம் வேண்டியிருக்க, ஆயிரம் டிகிரியை எட்டுவதற்கே திணறுகிற நாட்டுச் சூளையில் செங்கல்லின் முகம் எப்படிக் கண்ணாடியாயிற்று என்று ஒருவர் கேட்டுக்கொண்டால், அதற்கு விடை விறகிலேயே இருக்கிறது. தீயின் வேகத்தில் பறந்து வந்த சாம்பல் அந்த முகத்தில் ஒட்டிக்கொண்டு, தன்னிடமுள்ள பொட்டாஷையும் சுண்ணாம்பையும் களிமண்ணுக்குக் கொடுத்து, அதன் உருகுநிலையைப் பலநூறு டிகிரி தாழ்த்திவிட்டது.

மனிதர் இதைக் கவனித்தது நேற்றோ இன்றோ அல்ல. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனத்துக் குயவர்கள், சூளையில் பறந்த சாம்பல் ஜாடிகளின் தோளில் விழுந்து தானே மெருகாவதைக் கண்டு, பிறகு அந்தத் தற்செயலுக்குக் காத்திராமல், சாம்பலைக் களிமண்ணோடு கரைத்துத் தாமே பூசலானார்கள். பீங்கான் ஆலையொன்றின் பரிசோதனைச் சாலையில் வெகுகாலம் உத்தியோகம் பார்த்தவன் ஆகையால், ஓய்வு பெற்ற பின்னும் எங்கேனும் சாம்பல் குவிந்திருக்கக் கண்டால் ஒருபிடி எடுத்து விரலிடையில் தேய்த்துப் பார்க்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை. இன்று நான் சொல்லவந்தது மெருகைப் பற்றியன்று. சாம்பலைக் கண்ணாடியாக உருக்கி, அந்தக் கண்ணாடியை மறுபடி பக்குவமாகச் சுட்டு, அதன் உள்ளே படிகங்கள் விளையச் செய்து, கருங்கல்லிலும் வலிய ஒரு பதார்த்தமாக்கும் வித்தையைப் பற்றியும், அந்த வித்தைக்கு எந்தச் சாம்பல் தக்கது, எது தகாதது என்பதைப் பற்றியும்தான். கண்ணாடிப் பீங்கான் என்று அதற்குப் பெயர்.

முதலில் சாம்பலின் ஸ்வபாவத்தைப் பார்ப்போம். பட்டை சீவிய காய்ந்த மரத்தை எரித்தால் நூற்றுக்கு ஒரு பங்குகூடச் சாம்பல் மிஞ்சுவதில்லை; பட்டையை எரித்தால் மூன்று நான்கு பங்கு மிஞ்சும். அந்தச் சாம்பலில் சாதாரணமாக நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை சுண்ணாம்பும், ஐந்து முதல் பதினைந்து வரை பொட்டாஷும், மிச்சத்தில் மக்னீஷியா, பாஸ்பேட், சிலிக்கா, சிறிதளவு இரும்பு, மாங்கனீஸ் ஆகியனவும் இருக்கும். சாதாரணமாக என்றேனே தவிர, இதில் நிச்சயம் என்பது கிடையாது. ஒரே மரத்தின் கிளைக்கும் அடிமரத்துக்கும் சாம்பல் வேறு. செம்மண்ணில் வளர்ந்ததற்கும் கரிசலில் வளர்ந்ததற்கும் வேறு. மந்தமான தீயில் எரிந்தது கார்பனேட்டாக நிற்க, கடுந்தீயில் எரிந்தது சுட்ட சுண்ணாம்பாக மாறிப் பொட்டாஷிலும் ஒரு பகுதியைப் புகையோடு இழந்திருக்கும். நெல் உமியின் சாம்பலோ இதற்கு நேர்மாறு: உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும், அந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85-க்குக் குறையாமல் சிலிக்கா. ஆகவே விறகுச் சாம்பலில் குறைவானது உமிச் சாம்பலிலும், உமிச் சாம்பலில் குறைவானது விறகுச் சாம்பலிலும் இருக்கின்றன. இந்த விஷயத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், பின்னால் பிரயோஜனப்படும்.

சாம்பலிலிருந்து கண்ணாடி செய்தவர்களுள் கீர்த்தி பெற்றவர்கள் ஐரோப்பியக் காடுகளின் கண்ணாடிக்காரர்கள். ரோமாபுரியின் காலந்தொட்டு, எகிப்தின் உப்பேரிகளில் விளைந்த நேட்ரான் என்னும் சோடாக் காரமே கண்ணாடிக்கு இளக்கியாக உதவிவந்தது. அந்த வரத்து எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சுருங்கிவிடவே, ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இருந்தவர்கள் தங்கள் கைக்கெட்டிய பீச் மரத்தின் சாம்பலை நாடினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோபிலஸ் என்ற புனைபெயரில் கைத்தொழில்களைப் பற்றி நூல் எழுதிய துறவி, பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கும் மண் நீக்கிய மணல் ஒரு பங்கும் கலந்து, இரும்புக் கரண்டியால் துழாவியவண்ணம் ஓர் இரவும் ஒரு பகலும் வறுத்து, அதன் பின்னரே மூசையிலிட்டு உருக்கும்படி விதிக்கிறார். அந்த வறுவல் வெறும் சம்பிரதாயமன்று. சாம்பலில் எஞ்சிய கரியும் கார்பனேட்டில் அடங்கிய வாயுவும் அங்கேயே கழிந்துவிட்டால்தான் உருகும் கண்ணாடி பொங்கி வழியாமலும் குமிழ் நிறையாமலும் இருக்கும். ரஸாயன சாஸ்திரத்தின் பெயர்கூட ஏற்படாத காலத்தில் அநுபவம் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பீச் மரத்தில் மாங்கனீஸ் அதிகமாதலால், வேறு சாயம் எதுவும் சேர்க்காமலே, உலையின் போக்குக்கு ஏற்ப மஞ்சளும் ஊதாவும் மூசையில் தோன்றும் என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

அந்தக் கண்ணாடி அழகியதே தவிர ஆயுள் குறைந்தது. இன்றைய ஜன்னல் கண்ணாடியில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சிலிக்கா இருக்க, காட்டுக் கண்ணாடியில் ஏறக்குறையப் பாதிதான் உண்டு. மற்றதெல்லாம் சுண்ணாம்பும் பொட்டாஷும். மழையும் நகரத்துப் புகையும் பட்டுப்பட்டுப் பொட்டாஷ் கசிந்து வெளியேறியதால், ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் பலவற்றின் வண்ணச் சாளரங்கள் அம்மைத் தழும்பேறிக் கிடக்கின்றன. அவற்றைக் காப்பாற்றுவதே இன்று தனியொரு துறையாகிவிட்டது. மரத்துக்கும் அந்தத் தொழிலால் சேமமில்லை. உலைக்கு எரித்ததை விடச் சாம்பலுக்காக எரித்ததே அதிகம் என்னும் அளவுக்குக் காடு அழிந்தது. கப்பற்படைக்கு மரம் போதாமற்போகும் என்று அஞ்சிய இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர், கண்ணாடி உலைகளில் விறகே எரிக்கலாகாது என்று 1615-ல் பிரகடனம் செய்தார். ஆயினும் சாம்பலுக்கு இருந்த மதிப்புக் குறையவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடு தன் முதல் காப்புரிமையை 1790 ஜூலை 31-ஆம் தேதி சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு வழங்கியது. ஜார்ஜ் வாஷிங்டன் கையொப்பமிட்ட அந்தப் பத்திரம், சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் ஒரு புதிய முறைக்காகத்தான்.

கண்ணாடிக்காரர்களுக்கு எக்காலத்தும் ஒரு பயம் உண்டு. உருகிய கண்ணாடி ஆறுகையில் எங்கேனும் ஒரு மூலையில் படிகம் பிடித்துவிடுமோ என்பதே அந்தப் பயம். சர்க்கரைப் பாகைப் பதம் தப்பாமல் காய்ச்சிச் சட்டென்று ஆறவிட்டால் தெளிவாக இறுகும். அதே பாகில் நூலைத் தொங்கவிட்டு நாட்கணக்கில் வைத்திருந்தால் நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு விளையும். கண்ணாடியின் கதையும் அதுவே. அணுக்கள் ஒழுங்காக அணிவகுக்க அவகாசமின்றி உறைந்துபோன பாகு அது. அவகாசமும் பற்றிக்கொள்ள ஒரு கருவும் கிடைத்தால், படிகமாகவே மாற விரும்புவது. சுண்ணாம்பு மிகுந்த கண்ணாடிக்கு இந்த விருப்பம் அதிகம். ஊதுகுழலின் நுனியில் இருக்கும் உருண்டையில் ஒரு கடுகளவு படிகம் தோன்றினாலும் போதும், பாத்திரம் அந்த இடத்தில் விரிசல் விடும்.

இந்தத் தீமையை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்த முதல் மனிதர் ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர். பழைய புத்தகங்களில் உஷ்ணமானிக்கு 80 பாகை வைத்தவர் என்று படித்திருப்போமே, அவரேதான். குளவி கூடு கட்டுவதைக் கவனித்து, கந்தலை நாடாமல் மரத்திலிருந்தே காகிதம் செய்யலாம் என்று 1719-லேயே சொன்னவரும் அவரே. சீனத்துப் பீங்கானின் ரகசியத்துக்காக ஐரோப்பிய அரசர்கள் பொன்னை வாரி இறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ரெயோமூர் சாதாரணக் கண்ணாடிப் புட்டிகளை மணலும் ஜிப்சமும் நிறைந்த பெட்டியில் புதைத்து, நாட்கணக்காகச் செந்தணலில் வைத்து எடுத்தார். புட்டி உருக்குலையாமல், ஆனால் ஒளி ஊடுருவாத வெண்மையோடு, பீங்கானென்றே மயங்கும்படி வெளிவந்தது. 1739-ல் அவர் அதைப் பிரசுரம் செய்தார். ஆனால் அதை யாரும் வாங்கிப் புழங்கவில்லை. உடைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்: படிகங்கள் இரு புறத்து மேற்பரப்பிலிருந்தும் கிளம்பி, நெடுநெடுவென்று இழைகளாக உள்நோக்கி வளர்ந்து, நடுவில் ஒன்றையொன்று முட்டி நின்றுவிட்டன, முட்டிய அந்தக் கோட்டிலேயே புட்டி பிளந்துகொண்டது. உள்ளே எங்கும் கருக்கள் இல்லை. மேற்பரப்பு ஒன்றே கருவாக நின்றதால் நேர்ந்த குறை அது.

அந்தக் குறை தீர இருநூறு ஆண்டுகளுக்குமேல் ஆயின. கார்னிங் கண்ணாடிக் கம்பெனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டொனால்டு ஸ்டூக்கி, வெள்ளிக் கலப்புள்ள ஒரு லித்தியக் கண்ணாடித் தகட்டை 1953-ல் 600 டிகிரியில் காய்ச்ச உலையில் வைத்தார். கட்டுப்பாட்டுக் கருவி கெட்டு, உஷ்ணம் 900-க்கு ஏறிவிட்டது. உருகி வழிந்து உலையையே பாழாக்கியிருக்கும் என்று திறந்து பார்த்தவர், தகடு உருக்குலையாமல் வெண்மையாக நிற்பதைக் கண்டு இடுக்கியால் எடுத்தார். அது நழுவித் தரையில் விழுந்து, உலோகச் சத்தத்தோடு துள்ளியதே தவிர உடையவில்லை. வெள்ளித் துகள்கள் கண்ணாடியின் உள்ளெங்கும் கோடிக்கணக்கான கருக்களாக நின்று, கண்ணுக்குத் தெரியாத சிறு படிகங்களை ஒரேயடியாக விளைவித்திருந்தன. பெரிய படிகம் ஒன்று கண்ணாடியைப் பிளக்கும். நுண்ணிய படிகங்கள் நெருங்கி நின்றால் வருகிற விரிசலை ஒவ்வொன்றும் வழிமறித்து அலைக்கழிக்கும். ஸ்டூக்கி கண்டது இவ்வளவுதான். ஆனால் ஐந்தே வருஷத்தில் அது கார்னிங்வேர் என்ற பெயரில் அடுப்பிலும் ஐஸ் பெட்டியிலும் மாறிமாறி வைக்கத்தக்க சமையற் பாத்திரமாக அமெரிக்க வீடுகளுக்கு வந்துவிட்டது. இன்று பல் வைத்தியர் கட்டிவிடுகிற வெண்பல் உறைகளில் ஒருவகை அந்த லித்தியக் கண்ணாடியின் வம்சமே.

லித்தியமும் வெள்ளியும் குப்பையில் கிடைப்பவை அல்ல. ஆகவே, இந்த வித்தையைக் கழிவுப் பொருளோடு இணைத்தவர்கள் வேறு. சோவியத் நாட்டில் கிட்டாய்கரோத்ஸ்கி என்ற கண்ணாடி விற்பன்னரும் அவருடைய சகாக்களும் இரும்பாலையின் கிட்டத்தை எடுத்து, மணல் சேர்த்து உருக்கி, படிகமாக்கி, ஸ்லாக்சிட்டால் என்று பெயரிட்டார்கள். 1960-களில் உக்ரைனின் கான்ஸ்தந்தீனவ்கா நகரத்து ஆலையில் அது பலகை பலகையாக உருட்டப்பட்டுத் தரைக்கும் சுவருக்கும் போயிற்று. இரும்பாலைக் கிட்டத்தில் பிரதானமாக இருப்பவை சுண்ணாம்பு, சிலிக்கா, அலுமினா, மக்னீஷியா. விறகுச் சாம்பலோடு உமிச் சாம்பலும் கொஞ்சம் களிமண்ணும் கூடினால் கிடைப்பவையும் அவையே. சாம்பலில் ஏற்கனவே உள்ள இரும்பும் பாஸ்பேட்டும் கருத்தரிக்க உதவக்கூடியவை என்பது போனஸ். நல்ல ஜன்னல் கண்ணாடிக்கு ஆகாத குற்றங்கள் எல்லாம், பச்சை நிறம் தரும் இரும்பும், படிகம் பிடிக்கச் செய்யும் சுண்ணாம்பும் உட்பட, இங்கே குணங்களாகிவிடுகின்றன. ஒரு தொழிலில் இவ்வளவு முழுமையாகப் பழைய தோஷம் புதிய லட்சணமானதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நூல்களில் படித்தது போதாதென்று கையாலும் செய்து பார்த்தேன். பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டில் சவுக்கு விறகு எரித்த சாம்பலை ஒரு சாக்கும், அரிசி ஆலையின் உமிச் சாம்பலை ஒரு சாக்கும் வாங்கிவந்து, முதலில் சல்லடையில் சலித்தேன். ஆணி, கரித்துண்டு, வாழைநார், ஒரு எவர்சில்வர் கரண்டியின் காம்பு ஆகியவை மேலே நின்றன. சலித்த சவுக்குச் சாம்பலை நீரில் கரைத்துத் தெளியவைத்து இறுத்தேன். இறுத்த நீர் விரலுக்கு வழவழக்கும். பொட்டாஷ் காரமும் குளோரைடு உப்புகளும் அதில் போய்விடும். கண்ணாடிக்கு இளக்கியாகும் பொட்டாஷைக் கழுவிக் களைவானேன் என்று கேட்கலாம். அதிகமான பொட்டாஷ் மூசையை அரிக்கும், பின்னாளில் நீரில் கசியும். காட்டுக் கண்ணாடியின் கதி அதுதானே? கழுவியும் விட்டுப்போகாமல் நிற்கும் சொற்பமே உருக்குவதற்குப் போதுமானது. மிஞ்சிய வண்டலை உலர்த்திச் சுட்டு, உமிச் சாம்பலும் சிறிது சீனக் களிமண்ணும் சேர்த்து, சிலிக்கா நூற்றுக்கு ஐம்பதுக்குச் சற்று மேலும், சுண்ணாம்பு இருபதை ஒட்டியும், அலுமினா பத்துக்கு உள்ளாகவும் இருக்கும்படி கணக்கிட்டுக் கலந்தேன்.

சிநேகிதர் ஒருவர் பணியாற்றும் கல்லூரியின் மின் உலையில் 1,400 டிகிரியில் அது உருகியது. மூசையைப் பாதிக்குமேல் நிரப்பலாகாது. எஞ்சிய கார்பனேட் வாயு கிளம்பும்போது கலவை பொங்கும். கொதித்து அடங்கித் தெளிந்த பின், தேன் பதத்தில் இருந்ததை அப்படியே வாளித் தண்ணீரில் சாய்த்தோம். சளசளவென்று பொரிந்து, பீர்ப் புட்டியின் பச்சையில் அரிசி பருமனுள்ள நொறுங்கலாக அடியில் தங்கிற்று. அதை உலர்த்தி, பந்து அரவை இயந்திரத்தில் மாவாக்கி, சிறிது பசை சேர்த்து, அச்சில் வில்லைகளாக அழுத்தினோம். இதன் பிறகு வருவதுதான் இந்தத் தொழிலின் உயிர்நிலை.

வில்லையைச் சூடேற்றும்போது இரண்டு காரியங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. கண்ணாடி மாவின் ஒவ்வொரு துகளும் இளகிப் பக்கத்துத் துகளோடு ஒட்டி, இடைவெளிகளை அடைத்து, வில்லையைச் சுருக்க முயல்வது ஒன்று. ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் படிகம் கிளம்பி, இளகலைத் தடுத்து நிறுத்த முயல்வது மற்றொன்று. மெதுவாகச் சூடேற்றினால் படிகம் முந்திக்கொள்ளும். துகள்கள் ஒட்டுமுன்னரே விறைத்துவிடுவதால், வில்லை வெளுத்துப் போயும் உள்ளே துளை நிறைந்தும் வரும். அதன்மேல் ஒரு சொட்டு மையை வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். வேகமாக 900 டிகிரியைத் தாண்டினால் இளகல் முந்திக்கொண்டு, வில்லை அடர்ந்து சுருங்கிய பிறகே படிகம் விளையும். அதில் வைத்த மைத்துளியைத் துணியால் துடைத்தால் தடமே இராது. ஸ்டூக்கியின் முறையில் கரு தோன்ற ஒரு உஷ்ணத்தில் நிறுத்திப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இங்கோ அவசரமே விவேகம். இன்னும் ஒரு விசேஷம்: ரெயோமூரின் புட்டியைக் கெடுத்தது மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி வளர்ந்த படிகமல்லவா? கண்ணாடியை மாவாக்கிவிட்டால் மேற்பரப்பு தவிர வேறொன்றுமே இல்லை. படிகம் வளர வேண்டிய தூரம் மயிரிழையிலும் குறைவு. வளர்ந்து நடுவில் சந்திப்பதற்குள் துகளே முடிந்துவிடுகிறது. கருவூட்ட வெள்ளியும் வேண்டாம், டைட்டேனியமும் வேண்டாம். அவர் மட்டும் அந்தப் புட்டிகளை உரலிலிட்டு இடித்துவிட்டுச் சுட்டிருந்தால்!

வெளிவந்த வில்லை சாம்பல் படர்ந்த பழுப்பு நிறம். உடைத்த முகத்தில் கண்ணாடியின் மினுக்கு இல்லை. நுண்மணல் பாறையின் மங்கல்தான். பேனாக்கத்தியால் கீறினால் வில்லையில் கீறல் விழவில்லை. கத்தியின் எஃகுதான் தேய்ந்து சாம்பல் நிறக் கோடாகப் படிந்தது. இவ்வகைக் கலவையில் விளைபவை டயாப்சைடு, வல்லஸ்டனைட், அனார்த்தைட் என்று புவியியலார் பாறைகளில் காணும் படிகங்களே. நன்றாகச் செய்த கண்ணாடிப் பீங்கானின் வளைவு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு நூறு நியூட்டன் அளவுக்குப் போகும். கருங்கல்லுக்குப் பத்து, இருபதுதான்.

இனி, இதை ஆலை வைத்துச் செய்யலாமா என்ற கேள்வி. விறகுச் சாம்பலை உருக்கச் செலவாகும் சக்தி கட்டுப்படியாகாது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்பவர்கள் கணக்குப் பார்க்காதவர்கள். ஒரு டன் காய்ந்த விறகு சுமார் 16,000 மெகாஜூல் வெப்பம் தரும். அதில் விழும் சாம்பல் பத்து கிலோ. அதனோடு உமிச் சாம்பலும் மண்ணும் சேர்த்து இருபது கிலோவாக்கி உருக்கினால், கிலோவுக்கு ஆறு மெகாஜூல் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 120 மெகாஜூல். விறகு தந்ததில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தடை சக்தியின் அளவில் இல்லை, உஷ்ணத்தின் உயரத்தில் இருக்கிறது. கொதிகலனின் தீ 1,400 டிகிரியைத் தொடுவதில்லை. அதற்குத் தனி உலை, தனிச் செங்கல், தனி எரிபொருள் எல்லாம் வேண்டும். நாளுக்கு நாள் மாறும் சாம்பலை ஒவ்வொரு தடவையும் பரிசோதித்துக் கலவையைத் திருத்த ஓர் ஆளும் வேண்டும். இவ்வளவு செய்து முடித்த ஓடு, கடையில் கிடைக்கிற விட்ரிஃபைடு டைல்ஸோடு விலையில் போட்டியிட வேண்டும். முடியாது என்பதே என் அபிப்பிராயம்.

என் மைத்துனர் மகன் திருப்பூர்ப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறான். பொங்கலுக்கு வந்திருந்தபோது, “ஏனுங் மாமா, தெனமும் சாக்குச் சாக்கா விறகுச் சாம்பல் விழுகுது. அதுல கல்லு பண்ணலாம்னு செல்லுல ஒரு படம் ஓடுச்சு. நெசங்களா?” என்று கேட்டான். “நெசந்தான் மாப்பிள்ளை. ஆனா ஒன்ற சாம்பலுக்கு அது வேண்டாம்” என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. நல்ல விறகை எரித்து அடியில் விழும் சாம்பலில் இருக்கும் சாம்பல்சத்தும் மணிச்சத்தும் மண்ணிலிருந்து மரம் உறிஞ்சியவை. மண்ணுக்குத் திரும்ப வேண்டியவை. அவற்றைக் கல்லுக்குள் சிறைவைப்பது வீண்செலவு மட்டுமன்று, அநியாயமும்கூட. பின்லாந்தில் வடிகால் வெட்டிய சதுப்புநிலக் காடுகளுக்கு விறகுச் சாம்பலை உருண்டைகளாக்கித் தூவுகிறார்கள்; அந்த நிலத்தில் குறைவாக இருப்பவை பொட்டாஷும் பாஸ்பேட்டுமே. நம் பக்கம் அதே காரியத்தைக் கண்ணைமூடிக்கொண்டு செய்யலாகாது. கொங்குநாட்டு நிலங்கள் பலவற்றில் சுண்ணாம்பு ஏற்கனவே மிகுதியாதலால், மண்ணைப் பரிசோதித்த பிறகே தென்னைக்கு இட வேண்டும். நீலகிரியின் அமில மண்ணுக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

அப்படியானால் உலைக்கு உரிய சாம்பல் எது? வயலுக்குப் போகக்கூடாத சாம்பல். பாய்லரில் எரியும்போது காட்மியம், துத்தநாகம் ஆகிய எளிதில் ஆவியாகும் உலோகங்கள் புகையோடு எழுந்து, புகையிலிருந்து தூசியைப் பிரிக்கும் சைக்ளோன் என்ற கருவியில் சேரும் நுண்சாம்பலில் படிகின்றன. அடிச்சாம்பலை விட அது விஷம் கூடியது. அதைக் காட்டிலும் பொல்லாதது மருந்தேற்றிய மரத்தின் சாம்பல். கறையானும் பூசணமும் அணுகாதபடி செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் மரத்தினுள் செலுத்தும் முறையை உலகுக்குத் தந்தவர், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933-ல் அதைக் கண்டறிந்த சொண்டி காமேசம் என்ற இந்தியரே. தந்திக் கம்பங்களும் தண்டவாளக் கட்டைகளும் அதனால் நெடுநாள் நின்றன. அமெரிக்காவில் வீட்டு முற்றத்துப் பலகைகளும் குழந்தைகள் விளையாடும் ஏணிகளும்கூட அந்த மரத்தில் எழுந்தன. ஆர்செனிக் கசிகிறது என்று தெரிந்தபின், 2003-ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அங்கே அதை நிறுத்தினார்கள். ஆனால் நின்றுகொண்டிருக்கும் மரம் என்றோ ஒருநாள் குப்பைக்கு வரத்தானே வேண்டும்? அந்த மரத்தை எரித்தால் குரோமியம், சாம்பலின் காரத்தோடு சேர்ந்து, மஞ்சள் நிறக் குரோமேட்டாக மாறிவிடும். அது நீரில் கரைவது, புற்றுநோய்க்குக் காரணமாவது.

இங்கேதான் நம் வித்தையின் உண்மையான உபயோகம் தெரிகிறது. குரோமியத்தைக் கண்ணாடியில் அதிகமாகக் கரைக்க முடியாது. கரையாமல் எஞ்சுவது, இரும்போடும் மக்னீஷியாவோடும் கூடி, ஸ்பினல் என்னும் மிக நுண்ணிய படிகங்களாகப் பிரியும். அந்த ஸ்பினலைப் பற்றிக்கொண்டே டயாப்சைடு விளைகிறது. கிட்டத்திலிருந்து கண்ணாடிப் பீங்கான் செய்தவர்கள் குரோமியம் ஆக்சைடைக் கருவுக்காகவே காசு கொடுத்து வாங்கிச் சேர்த்ததுண்டு. ஆக, விஷமே கருவாகி, தன்னைச் சுற்றித் தானே கல்லை வளர்த்துக்கொண்டு உள்ளே அடங்குகிறது. அடங்கியதா என்பதைச் சோதிக்க முறை உண்டு: அமெரிக்கச் சட்டப்படி, பொடித்த கல்லை அசிட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் குலுக்கி, வடித்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறைவாகவே குரோமியமும் ஆர்செனிக்கும் இருக்க வேண்டும். ஆனால் ஆர்செனிக் விஷயத்தில் ஜாக்கிரதை தேவை. எரிக்கும்போதே ஒரு பகுதியும், உருக்கும்போது இன்னொரு பகுதியும் ஆவியாகிப் புகைபோக்கி வழியே நழுவப் பார்க்கும். கல்லில் ஆர்செனிக் இல்லை என்று பரிசோதனைச் சாலை நற்சாட்சி கொடுத்தால், அது ஊர்க் காற்றில் கலந்துவிட்டதா என்றும் விசாரித்தாக வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்த விசாரணையை நான் தேடிய அளவுக்குக் காணவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மருமகன், “அப்ப பெயிண்ட் அடிச்ச பொட்டி, பிளைவுட் துண்டெல்லாம் கெடைச்சா எரிக்கறோமுங்களே மாமா?” என்றான். அவற்றைத் தனியாக ஒதுக்கச் சொன்னேன். ஒரு பெட்டியின் பெயிண்டில் இருக்கும் ஈயமும் துத்தநாகமும் ஒரு லாரிச் சாம்பலைத் தென்னைக்கு ஆகாததாக்கிவிடப் போதும். அடிச்சாம்பலும் சைக்ளோன் சாம்பலும் இப்போது ஒரே குழியில் விழுகின்றனவாம். இரண்டுக்கும் வேறு வேறு குழி வெட்டும்படி முதலாளியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். சைக்ளோன் சாம்பலில் ஒரு சாக்கு எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். வந்ததும் முதல் வேலை குளோரைடு பார்ப்பது. குளோரைடு மிகுந்தால் உருக்கும்போது காட்மியத்தையும் துத்தநாகத்தையும் அதுவே ஆவியாக்கி எடுத்துக்கொண்டு போய்விடும், கழுவித்தான் உருக்க வேண்டும். கழுவினால் அந்தக் கழுநீரை நொய்யல் ஆற்றில் விடாமல் என்ன செய்வது என்பதற்கு உருக்குவதற்கு முன்பே வழி பண்ணியாக வேண்டும்.